வாரேன் என்று ஒரு வரி

கேபிள் உள்ளே போயிற்று. வீரன் வெளியே நின்றான்.

ஜெனரேட்டர் வண்டி வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது, சத்தம் மைக்கில் விழும் என்று சொல்லிவிட்டார்கள். தெருமுனையில், பூட்டிக் கிடந்த ரைஸ்மில்லின் சுவரோரமாக நிறுத்தினான். அங்கிருந்து தடித்த கறுப்பு கேபிள் சாக்கடையைத் தாண்டி, தெருவோரமாக ஓடி, வாசற்படி ஏறிற்று. வாசற்படிவரை இழுத்துக்கொண்டு போனது அவன். அதற்குமேல் லைட்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். கூடம், மாடிப்படி, மாடியில் தெற்குப் பார்த்த அறை. அரை மணி நேரத்தில் அறைக்குள் விளக்கு எரிந்தது. தெருவிலிருந்து பார்க்க, ஜன்னல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

அந்த அறையில்தான் அறிவுச்செல்வி செத்துப்போனாள். இருபத்து மூன்று வருஷமாயிற்று. மருந்து குடித்துவிட்டாள் என்றார்கள்.

படப்பிடிப்பு யூனிட்டில் இது யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது அவர்களுடைய கதை. நூறு வருஷத்துக்கு முந்திய நாவலாம். பெரிய வீட்டுப் பெண் குதிரை லாயத்தில் வேலை செய்கிறவனை விரும்புகிறாள். அண்ணன் அவளை மாடி அறையில் வைத்துப் பூட்டுகிறான். அவள் காத்திருந்து சாகிறாள். அவன் பணக்காரனாகத் திரும்பி வந்து அந்த வீட்டையே விலைக்கு வாங்கி, அவள் ஆவியோடு குடித்தனம் நடத்திச் சாகிறான். டி.வி.க்காகக் கதையை இரண்டாயிரமாவது வருஷத்துக்குக் கொண்டுவந்து, குதிரைக்காரனை லாரி டிரைவராக்கியிருந்தார்கள். எட்டுப் பாகம்.

கதையைச் சொன்னது ஒரு லைட்காரன்.

"ஊட்டை வெலைக்கே வாங்கீருவானா?" என்று வீரன் கேட்டான்.

"ஆமாண்ணா. அதான் மாஸ் சீன்."

"ஜெனரேட்டர் ஓட்டிக்கிட்டு வரமாட்டானா?"

லைட்காரன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

இந்த வேலை வேறொருவனுக்கு வந்தது. வீட்டின் படத்தைச் செல்போனில் பார்த்துவிட்டு, வீரன் தன் கோயம்புத்தூர் வேலையை அவனுக்குக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொண்டான். அயோத்தியாப்பட்டணத்தில் அவன் மனைவி மாரியாயி கேட்டதற்கு, இராசிபுரம் பக்கம்தானே, டீசல் மிச்சம் என்றான். உண்மையில் அவனுக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. யாரிடமும் கேட்க முடியாத விஷயம். தான் எழுதிய கடிதத்தை அவள் படித்தாளா?

அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை. ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால் எட்டு மாதம், ஒன்பது மாதம். இடையில் ஊருக்கு வர முடியாது. சீசன் முடியாமல் இறங்கினால் அடுத்த வருஷம் எந்த வண்டியிலும் ஏற்றமாட்டார்கள். அவள் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். மற்ற ஊர்களில் திருவிழா முடிந்ததும் அம்மன் முன்னால் நட்ட கம்பத்தைப் பிடுங்கிவிடுவார்கள். இராசிபுரத்தில் பிடுங்குவதில்லை. வருஷம் முழுக்க நிற்கும். கம்பம்தான் அம்மனுக்குப் புருஷன்.

"அவ புருஷனப் பாரு, எடத்த விட்டு அசையறதில்ல. எனக்கு வாச்சது சத்தீஸ்கருக்கு ஓடுது" என்றாள்.

தை மாதம் ராய்ப்பூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது எஸ்.டி.டி. பூத்துக்கு அவள் போன் வந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நிச்சயம் வைத்திருக்கிறார்கள் என்றாள். அழவில்லை. "வாரேன்னு ஒரு வரி எழுது. அது போதும். நீ வாரதுக்கு மூணு மாசம் ஆனாலும் நான் தாக்குப் புடிச்சுக்குவேன். வெறும் வாயில சொன்னா எனக்குப் பத்தாது, கையில வச்சுப் பாக்கணும்" என்றாள். எழுதுகிறேன் என்றான்.

மறுநாள் அவன் அம்மா பேசினாள். மூன்று பேர் வெள்ளை வேட்டியில் காலனிக்கு வந்து வீட்டுக்கு முன்னால் நின்றார்களாம். உம் பையன் எப்ப வர்றான் என்று மட்டும் கேட்டார்களாம். "தண்ணி குடிக்கிறீங்களாங்கனு கேட்டுப்போட்டேன் சாமி. சிரிச்சாங்க" என்றாள் அம்மா. அந்தச் சிரிப்பை அவள் சொன்ன விதத்தைக் கேட்டு, போனை வைத்ததும் நேரே தபாலாபீசுக்குப் போனான்.

ரிக்கின் டூல்ஸ் பெட்டிமேல் இன்லேண்டு லெட்டரை வைத்து எழுதினான். எழுதியது வாரேன் என்று அல்ல.

டைப்ரைட்டிங் பள்ளி விலாசம். நிலா என்று பெயர். கடிதத்துக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது. கடிதம் போய்ச்சேர ஆறு நாள். செவ்வாய்க்கிழமை கிடைத்திருக்கும். அவள் வியாழக்கிழமை செத்தாள். இந்த நாள் கணக்கை அவன் போடாத வருஷம் இல்லை. ஒவ்வொரு முறையும் அது சரியாக வந்தது. கடிதம்தான் அவளைக் கொன்றது.

*

காலை பத்து மணிக்கு வீட்டுக்காரர் காப்பியோடு வண்டிக்கே வந்தார். தீனதயாளன். அறிவுச்செல்வியின் அண்ணன். வீரன் அவரை நேரில் பார்ப்பது அதுவே முதல் தடவை. அவரும் அவனைப் பார்த்ததில்லை. அவர் காலனிக்கு ஆள் அனுப்பியவர்தான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி. பின்னால் மனைவி சௌந்தர்யா வடைத் தட்டோடு வந்தாள்.

"ஏனுங் ஜெனரேட்டர், நீங்க மட்டும் இங்கயே நிக்கறீங்க? காப்பி குடிங்க" என்றார் அவர்.

யூனிட்டில் ஆளுக்கு ஆள் பெயர் கிடையாது. அவன் ஜெனரேட்டர். அது நல்லதாகப் போயிற்று. காப்பி காகிதக் கோப்பையில் இருந்தது. இப்போதெல்லாம் எல்லாருக்கும் காகிதக் கோப்பைதான். யாருக்கு எந்த டம்ளர் என்ற கேள்வியே வராது.

"தெரு அமைதியா இருக்குதுங்க" என்றான் வீரன்.

"தறி ஓடலீல்ல. சத்தம் ஆகாதுன்னு டைரக்டர் சொல்லீட்டாரு. தெருவுல அத்தனை தறிப்பட்டறையும் நிறுத்தியாச்சு, நாலு நாளைக்கு. எந்தங்கச்சி போனப்பக்கூட மூணு நாள்தான் நிறுத்துனோம்."

வீரன் காப்பியை ஊதினான்.

"அந்த ரூமுலதானுங்க" என்று சௌந்தர்யா ஜன்னலைக் காட்டினாள். "நான் பாத்ததில்ல. நான் கல்யாணமாகி வாரதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. இப்ப எங்களுக்கு ஊட்டுச்சாமி அவங்கதான். வருஷத்துக்கு ஒரு சேலை எடுத்து வச்சுக் கும்புடுவோம். பனையோலைப் பெட்டியில வச்சு விட்டத்துல கட்டித் தொங்க விட்டிருக்குது. சினிமாக்காரங்க அதை மட்டும் தொடலீங்க. நல்ல பசங்க."

"என்ன ஆச்சுங்க அவங்களுக்கு?"

"வயித்துவலி" என்றார் தீனதயாளன்.

சௌந்தர்யா வடையை நீட்டினாள். வீரன் எடுத்துக்கொண்டான்.

"சாமி இருக்கற ஊட்டுல கூத்தடிக்க உடலாமான்னு ஊருல பேசுனாங்க" என்றார் அவர். "நாங்களா உட்டுருவோமா? அவகிட்டப் பூ கேட்டுத்தான் குடுத்தோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்பு ஒரு பொட்டலம். வெள்ளைதான் வந்துச்சு. சம்மதம்னு சொல்லீட்டா."

"மூணாவது தடவைதானே வந்துச்சு" என்று சௌந்தர்யா சிரித்தாள். "மொத ரெண்டும் செவப்பு."

"மூணு தடவை கேக்கலாம். வழக்கம் இருக்குது." அவர் சிரிக்கவில்லை. "நம்ம ஊட்டுல எந்த நல்லது கெட்டதும் அவளைக் கேக்காம செய்யறதில்லீங்க."

இப்போது கேட்கிறார்கள், என்று வீரன் நினைத்தான். கோப்பையைக் கசக்கிச் சக்கரத்துக்கு அடியில் போட்டான்.

*

பதினொன்றரைக்கு மேலிருந்து ஆள் வந்தது. மாடிப்படித் திருப்பத்தில் கேபிள் ஜாயின்ட் சுடுகிறது, பிளாஸ்டிக் வாடை வருகிறது. வீரன் டேப்பும் கட்டிங் பிளேயரும் எடுத்துக்கொண்டு போனான்.

வாசற்படியில் செருப்பைக் கழற்றினான். யாரும் கழற்றியிருக்கவில்லை. கூடத்தில் லைட் ஸ்டாண்டும் சாப்பாட்டு டப்பாக்களும் கிடந்தன. அவள் சொல்லியிருந்த ஊஞ்சல் சங்கிலி இருந்தது, பலகை இல்லை. படி பதினெட்டு. அவள் ஒருதடவை பதினேழு என்று சொல்லியிருந்தாள். நான் கடைசிப் படியை மிதிக்கறதில்ல, தாண்டிருவேன் என்றாள். திருப்பத்தில் உட்கார்ந்து ஜாயின்ட்டைப் பிரித்து இறுக்கிச் சுற்றினான். பிறகு மேலே வரை கேபிளைப் பார்த்துக்கொண்டே போனான். யாரும் தடுக்கவில்லை. அதுதான் அவனுக்கு என்னவோ போலிருந்தது.

அறை சிறியது. கட்டில், மேசை, கண்ணாடி. விட்டத்தில் பனையோலைப் பெட்டி. அதன்மேல் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. கேமராவில் தெரியாமலிருக்க அதற்கு முன்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

மூலையில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கலைப்பிரிவுப் பெண் உட்கார்ந்திருந்தாள். பிரீத்தி. சேலத்துப் பெண், செவ்வாய்ப்பேட்டை. இந்த யூனிட்டில் அவனை அண்ணா என்று கூப்பிட்டுச் சாப்பிட்டீங்களா என்று கேட்பவள் அவள் ஒருத்திதான்.

"ணா, இதைப் பாருங்களேன். பரண்ல இருந்துச்சு. ஓனர் ஆன்ட்டி எடுத்துக்கச் சொன்னாங்க. டூ தவுசண்ட் ஃபீலுக்கு நான் ஒரு மாசமா தேடிட்டிருந்தேன், எல்லாம் ஒரே பெட்டியில இருக்கு."

டைப்ரைட்டிங் பாடப் புத்தகம். கண்ணாடி வளையல். ரப்பர் கயிறு கட்டிய பஸ் டிக்கெட்டுகள். எல்லாவற்றுக்கும் மேலே நீல நிறத்தில் ஒரு இன்லேண்டு லெட்டர்.

நிலா. டைப்ரைட்டிங் பள்ளியின் விலாசம். எழுத்து இடப்பக்கம் சாய்ந்து, பேனாவை அழுத்திய அழுத்தத்தில் காகிதம் பள்ளம் பள்ளமாக இருந்தது. இடதுகைக்காரன் எழுத்து. அவன் எழுத்து.

மூன்று பக்கமும் ஒட்டியபடியே இருந்தது.

"பிரிக்கவே இல்லண்ணா" என்றாள் பிரீத்தி. "யாரோ இந்த நிலா. லெட்டர் வந்தும் படிக்காம வச்சிருக்கா பாருங்க. என்ன திமிரு."

வீரன் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இருபத்து மூன்று வருஷத்துக் கணக்கு தப்பு. கையில் கிடைத்திருந்தால் அவள் பிரிக்காமல் இருக்கமாட்டாள். செவ்வாய்க்கிழமை கடிதம் அவளிடம் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. வியாழக்கிழமை காலைவரை அவள் ஒரு வரிக்காகக் காத்திருந்தாள். அவன் எழுதியதால் அவள் சாகவில்லை. ஒரு வரியும் வராததால் செத்தாள். முந்தியதற்கு அவன் பழகியிருந்தான். இது புதிது.

"ணா, ஷாக் அடிச்சுதா?"

"இல்ல கண்ணு. அந்த லெட்டர எனக்குக் குடுத்துரு."

"எதுக்குண்ணா?"

"பெரியவங்க ஊடு. ஆருதோ என்னமோ. பிரிக்க வேண்டாம்."

"ஐயோ, வெளிப்பக்கம் க்ளோஸப் எடுத்தாச்சுண்ணா. நிலாங்கறது ஹீரோ அவளுக்கு வச்ச செல்லப்பேருன்னு டைரக்டர் மாத்திட்டாரு. இன்னும் பத்து நிமிஷத்துல பிரிக்கிற ஷாட்."

"உள்ள எழுதியிருக்கறதையா படிப்பீங்க?"

"அதான் அவர் ஐடியா. நிஜ லெட்டர், நிஜமா பிரிக்கணும். உள்ள என்ன இருந்தாலும் ஹீரோயின் மேடம் அப்படியே படிக்கணும், ரியாக்‌ஷன் தானா வரும்ங்கறாரு. ஒரே டேக்."

"வேற லெட்டரு வெக்கலாமில்ல?"

பிரீத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். "ணா, பேய் பிசாசுன்னு பயப்படறீங்களா? அதுக்குத்தான் காசு குடுத்துப் படம் எடுக்கறோம்."

கூப்பிட்டார்கள். அவள் கடிதத்தோடு எழுந்து போனாள்.

*

இயக்குநர் சித்தார்த்துக்கு முப்பது வயது. யாரையும் அதட்டமாட்டான். அறைக்கு வெளியே, படிக்கு மேலே மானிட்டரை வைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். பட்டறையிலிருந்து வந்த தீனதயாளனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். வீரன் இறங்கிப் போயிருக்கலாம். ஜாயின்ட்டைப் பிடித்துப் பார்ப்பதுபோல் படித் திருப்பத்தில் உட்கார்ந்துகொண்டான். அங்கிருந்து மானிட்டர் தெரிந்தது.

நாயகி கட்டிலில் உட்கார்ந்தாள். அறிவுச்செல்வியைவிட நல்ல நிறம். கடிதத்தை மார்போடு வைத்துக்கொண்டாள். பிறகு ஓரத்தைக் கிழித்தாள்.

காகிதம் கிழிகிற சத்தம் கேட்டபோது தீனதயாளன் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மானிட்டரை நோக்கிக் குனிந்தார்.

"ஏனுங், அது எந்த லெட்டரு?" என்றார் மெதுவாக.

யாரோ உஷ் என்றார்கள்.

நாயகி படித்தாள். நல்ல குரல்.

"நிலா. நான் வரமாட்டேன். உங்க வீட்டில் பார்த்த மாப்பிள்ளையையே கட்டிக்கொள். அதுதான் உனக்கும் எனக்கும் நல்லது. எங்கம்மாவுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. எனக்கும் இங்கே ஒரு பெண் பார்த்திருக்கிறார்கள். இனிமேல் போன் செய்யாதே. நான் எடுக்கமாட்டேன். என்னை மறந்துவிடு. நல்லா இரு. இப்படிக்கு" — அவள் நிறுத்தினாள். "இப்படிக்குன்னு இருக்கு சார். பேரு போடல."

"கட்" என்றான் சித்தார்த்.

 பெண் பார்த்திருக்கிறார்கள் என்பது பொய். அந்த ஒரு வரியைச் சேர்க்கத்தான் வீரனுக்கு வெகுநேரம் பிடித்தது. இப்போது அது மைக்கில் பதிவாகிவிட்டது.

தீனதயாளன் நாற்காலியின் கையைப் பிடித்திருந்தார். 

"வொர்க் ஆகல" என்றான் சித்தார்த். எழுந்து நின்று கழுத்தைச் சொடுக்கினான். "யாருப்பா இவன்? இப்படியொரு பயந்தாங்குளியா? ஹீரோ இதை எழுதினா ஆடியன்ஸ் அந்த நிமிஷமே சேனலை மாத்திருவாங்க. பிரீத்தி, இன்னொரு லெட்டர் ரெடி பண்ணு. அவன் வருவேன்னு எழுதறான். அண்ணன்காரன் மறைச்சு வச்சிடறான். அவ செத்த பின்னாடி ஆவியா வந்து படிக்கறா. அழணும் ஜனங்க."

"சார், வெளிப்பக்கம் க்ளோஸப் போயிடுச்சே. ஹேண்ட்ரைட்டிங் மேட்ச் ஆகணும்" என்றாள் பிரீத்தி. "லெஃப்ட்ல சாயற கையெழுத்து. யார் எழுதுவா? நான் எழுதினா கோலம் மாதிரி வரும்."

உதவி இயக்குநர்கள் இரண்டு பேர் எழுதிப் பார்த்தார்கள். ஒன்றும் ஒத்துவரவில்லை. கணினியில் செய்யலாம் என்றான் ஒருவன், நாளாகும் என்றாள் பிரீத்தி. நாயகிக்கு இரண்டு மணிக்கு வேறு வேலை. நேரம் போய்க்கொண்டிருந்தது.

வீரன் எழுந்தான். கால் மரத்திருந்தது. மேலே ஏறினான். கடைசிப் படியை மிதிக்கவில்லை.

"நான் எழுதறேன்."

"நீங்களாண்ணா?" பிரீத்தி சிரித்தாள். "இது சர்க்யூட் இல்ல, ணா."

"குடு கண்ணு."

அவளிடம் பழைய இன்லேண்டு லெட்டர் கட்டு ஒன்று இருந்தது. அதில் ஒன்றை உருவிக் கொடுத்தாள். அவன் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து, டூல்ஸ் பையைத் தொடைமேல் போட்டு, அதன்மேல் காகிதத்தை வைத்துக்கொண்டான். பேனாவை இடது கையில் வாங்கினான்.

"என்ன எழுதணும்?"

"சிம்பிளா போதும்ணா. நான் வருவேன், எனக்காகக் காத்திரு. அவ்ளோதான்" என்றான் சித்தார்த்.

வீரன் எழுதினான். நிறுத்தாமல் எழுதினான். தலைக்குமேலே ஓலைப்பெட்டி தொங்கிற்று. எழுதி முடித்து நீட்டினான்.

சித்தார்த் வாய்விட்டுப் படித்தான். "நிலா. வாரேன். எத்தனை மாசமானாலும் வாரேன். தாக்குப் புடி." தலையை ஆட்டினான். "தாக்குப் புடி! சூப்பர்ணா. எங்க ரைட்டருக்கு இது வரல பாருங்க."

பிரீத்தி பழைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டையும் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். காகிதத்தின் பின்பக்கத்தில் இரண்டிலும் ஒரே புடைப்பு.

"ணா... அப்படியே இருக்கு. எப்படிண்ணா?"

அவன் பேனாவை மூடிக் கொடுத்தான். கதவருகே தீனதயாளன் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கடிதங்களையும் பார்த்தார். பிறகு அவன் இடது கையைப் பார்த்தார். பிறகு முகத்தை.

ஒரு டேக்கில் ஓகே ஆயிற்று. நாயகி நன்றாக அழுதாள். ஒலிப்பதிவுக்காரன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

*

சாப்பாட்டு நேரம். ஜெனரேட்டரை அணைத்துவிட்டு வீரன் வண்டியின் பின்படியில் உட்கார்ந்திருந்தான். தறிச் சத்தமும் இல்லை, வண்டிச் சத்தமும் இல்லை. தெரு காதை அடைத்தது.

தீனதயாளன் தனியாக வந்தார். கையில் பழைய கடிதம் இருந்தது.

"நீதானா அவன்" என்றார்.

காலையில் இருந்த 'ங்க' இப்போது இல்லை.

"ஆமாங்க."

"டைப்ரைட்டிங் வாத்தியார் எங்கிட்டக் கொண்டாந்து குடுத்தாரு. நீ ஓடிப்போறதுக்குத் தேதி குறிச்சு எழுதியிருப்பேனு நெனச்சேன். நிச்சயம் முடியட்டும், பெரியவங்களை வச்சுக்கிட்டுப் பிரிக்கலாம்னு எடுத்து வச்சேன். அவ அதுக்குள்ள..." அவர் சுவரில் சாய்ந்தார். "அப்பறம் பிரிக்கக் கை வரலை. அவ பொருளு. எரிக்கவும் முடியாது, எறியவும் முடியாது."

"ஆமாங்க."

"நான் என்ன சொல்லோணும்னு இருந்தனோ அதையேதான்டா நீயும் எழுதியிருக்கற. அன்னிக்கே இதை அவ கையில குடுத்திருந்தா, உன்னை நாலு கெட்ட வார்த்தை வைஞ்சுபோட்டு, அந்த மாப்பிள்ளையக் கட்டிக்கிட்டு இருந்திருப்பா. இல்ல?"

வீரன் யோசித்தான். பொய் சொல்லலாமா என்றுதான் யோசித்தான்.

"இருந்திருப்பாங்க" என்றான்.

அவர் அழுதார். சத்தமில்லாமல், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு. வீரன் அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருந்தது. கொடுக்கலாம். குடிப்பாரா என்று தெரியவில்லை. கொடுக்கவில்லை.

"சாயங்காலம் இதை அவ பெட்டியில வச்சிருவேன்" என்றார் அவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வந்த லெட்டரைக் குடுக்காம வச்சிருந்த பாவம் எனக்கு. அவளுதை அவகிட்டக் குடுத்தாத்தான் தீரும்."

வீரன் எழுந்துவிட்டான். "வேண்டாங்க."

"ஏன்?"

"அதை அவ படிக்க வேண்டாங்க. இன்னிக்கு எழுதுனேனே, அதை வையுங்க. அவ கேட்ட வரி அதுதானுங்க. ஒரே ஒரு வரிதான் கேட்டா."

"இன்னிக்கு எழுதுனது படத்துக்கு எழுதுனது."

"இல்லீங்க."

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பூ கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீரன் பிரீத்தியைத் தேடிப் போனான். அவள் கூடத்தில் பொருள்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். நீலக் கடிதம் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. உறைமேல் ஒரு எண்.

"கண்ணு, நான் எழுதுனதைக் குடு. இந்த ஊட்டுக்கு வேணும்."

"அது கன்டினியூட்டிண்ணா. க்ளைமாக்ஸ்ல அவ ஆவி அதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் நடக்குது. நாளைக்குச் சென்னை செட்டுக்குப் போகணும்."

"அப்பறம்?"

"அப்பறம் கம்பெனி குடோன்ல இருக்கும். எதையும் வெளியே தரமாட்டாங்க." அவன் முகத்தைப் பார்த்து, "வேணும்னா போட்டோ எடுத்து அனுப்பறேன். நம்பர் சொல்லுங்க" என்றாள்.

"இன்னொண்ணு எழுதறேன். காயிதமாவது குடு."

"கட்டோட கார்ல ஏத்தியாச்சேண்ணா." பிரீத்தி நிமிர்ந்தாள். "என்னண்ணா ஆச்சு உங்களுக்கு? அழறீங்களா?"

"டீசல் புகை" என்றான்.

மூன்று மணிக்கு மறுபடி வேலை ஆரம்பித்தது. வீரன் ஜெனரேட்டரை ஓடவிட்டு, மீட்டரில் முள் இருநூற்றி முப்பது வோல்ட்டுக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். மாடி ஜன்னல் வெள்ளையாயிற்று.

ஐந்து மணிவாக்கில் தீனதயாளன் வெளியே வந்தார். குளித்திருந்தார். நெற்றியில் திருநீறு. உள்ளங்கையில் பிரித்த பொட்டலம், அதில் நந்தியாவட்டைப் பூ ஒன்று. முகம் தெளிந்திருந்தது.

"வெள்ளை வந்துருச்சு" என்றார். "ஏத்துக்கிட்டா. வந்த லெட்டரையே பெட்டியில வச்சுட்டேன்."

வீரன் பூவைப் பார்த்தான்.

"எத்தனை தடவை கேட்டீங்க?"

அவர் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார். மேலே விளக்கை மாற்றினார்கள். லோடு ஏறிற்று. முள் கொஞ்சம் ஆடியது. வீரன் திருகைத் திருப்பி அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான்.